நித்தியாவின் சாட்சி

அமராவதிக்கு வயிறு எரிந்தது. லேசாக இல்லை, திகுதிகுவென்று எரிந்தது. சம்சு சாராயம் குடித்தே குடும்பத்தைக் கரைத்தவள்தான் அவள், மறுக்கவில்லை. ஆனால் பதினோரு மாதமாக அந்த வாடையே படாமல், சுங்கை பெசார் வயல்களுக்கு நடுவில் இருக்கிற இந்த இல்லத்தில் காய் நறுக்கி, கக்கூஸ் கழுவி, பாட்டுப் பாடி நாளைத் தள்ளியிருக்கிறாளே! நேற்று வந்த நித்தியா, மூன்றே மாதத்தில், சாட்சி சொல்லப் போகிறாளாம்.

குடியிலும் போதையிலும் விழுந்த பெண்கள் தங்கித் திருந்துகிற இல்லம் அது. வருடத்துக்கு ஒருமுறை நன்றிக் கூட்டம் நடக்கும். சபைக்காரர்களும் குடும்பத்தாரும் வருவார்கள். இல்லத்துப் பெண் ஒருத்தி எழுந்து, தான் விழுந்ததையும் எழுந்ததையும் சொல்வாள். ஒருத்திதான். இந்த வருடம் தன் முறை என்று அமராவதி முடிவே கட்டிவிட்டாள். கெர்லிங்கில் தம்பி சோமு வீட்டில் வளரும் மகள் துளசிக்குப் போன் போட்டு, "அம்மா மேடையில பேசப் போறேன்டி, வந்து கேளு" என்றும் சொல்லிவிட்டாள். ஒரு வருடமாக எட்டிப் பார்க்காத பதினைந்து வயதுப் பிள்ளை, "பாக்கறேன்" என்றது. அந்த ஒரு சொல்லைப் பிடித்துக்கொண்டுதான் மூன்று வாரம் ஓடியது.

இல்லத்தை நடத்தும் சிஸ்டர் விஜயராணியோ நித்தியாவின் பெயரை வாசித்தார்.

"கோவிச்சுக்காத அமரா. அந்தப் பிள்ள ரொம்ப சுருங்கிக் கெடக்கு. பேசினா நிமிரும்."

"எனக்கென்ன கோவம் சிஸ்டர்? அவளே பேசட்டும் லா" என்றவள், அன்று சமையலறையில் ஒரு சட்டியையும் சும்மா வைக்கவில்லை.

நித்தியா பாடினால் எல்லாரும் கண்ணை மூடிக் கேட்பார்கள். நித்தியா அழுதால் நாலு பேர் டிஷ்யூ நீட்டுவார்கள். அமராவதி அழுதால், "சளி பிடிச்சிருக்கா?" என்பார்கள். இத்தனைக்கும் அந்தக் கழுதையை வாய் திறக்க வைத்ததே இவள்தான். புதிதாக வருகிறவளுக்குப் பக்கத்துக் கட்டிலில் பழையவள் ஒருத்தியைப் போடுவது இல்லத்து வழக்கம். தான் செய்ததிலேயே கேவலமானதைப் பழையவள் முதலில் சொல்லவேண்டும், அப்போதுதான் புதியவளுக்கும் பேச்சு வரும். பெற்ற மகளுக்கே தெரியாததை அமராவதி இவளிடம் கொட்டியிருந்தாள்.

கூட்டத்தன்று துளசி வந்துவிட்டாள். அம்மாவுக்குப் பக்கத்தில், ஒரு நாற்காலி தள்ளி உட்கார்ந்தாள்.

"நீ பேசலியா?"

"இல்லடி. அவ பேசறா."

"அப்பறம் எதுக்கு என்னைய வரச் சொன்ன?"

அமராவதி பதில் சொல்வதற்குள் நித்தியா மைக்கைப் பிடித்துவிட்டாள். இரண்டு வாக்கியம் பேசி நின்றாள். விழித்தாள். பிறகு கண்ணை மூடிக்கொண்டு கடகடவென்று சொன்னாள்:

"என் தங்கச்சி பெரிய மனுசி ஆனப்ப மாமா தோடு போட்டாரு. பவுடர் டப்பாக்குள்ள பஞ்சுல சுத்தி வச்சிருந்தா. நான் அத எடுத்து வித்துட்டேன்."

"ஐயோ, ஆண்டவரே" என்று கூடமே உருகியது.

அமராவதிக்கு உச்சந்தலை வரை சூடேறியது. தோடும் டப்பாவும் பஞ்சும் இவள் கொட்டிய கதையில் வந்தவை! நித்தியாவுக்குத் தங்கச்சியே கிடையாது. மேடையைப் பிடுங்கினாள், தொலையட்டும். சிஸ்டரின் செல்லத்தைப் பிடுங்கினாள், அதுவும் தொலையட்டும். பாவத்தையுமா பிடுங்குவாள்? சிஸ்டர் கண்ணைத் துடைப்பதைப் பார்த்ததும் அவளால் பொறுக்க முடியவில்லை. நியாயமாகத் தனக்கு வரவேண்டிய கண்ணீர் அது.

எழுந்து நின்று கத்தினாள்.

"பொய்! அது என் கத! தோட்ட எடுத்தது நான். என் மக தோடு. ராவாங்ல கொண்டு போய் வித்து மூணு நாள் குடிச்சேன். நான்தான்!"

"சாரிக்கா" என்றாள் நித்தியா, மைக்கிலேயே. "என்னுத சொல்ல வாய் வரல. ஒங்களுது மனப்பாடமா இருந்திச்சி." அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

எல்லாக் கண்ணும் அமராவதி மேல்தான். ஒரு நிமிடம், சும்மா சொல்லக்கூடாது, இனித்தது. அந்தப் பெருமையோடு மகளைத் திரும்பிப் பார்த்தாள்.

துளசியின் முகம் வெளுத்திருந்தது.

"அப்ப ரமணி எடுக்கலியா?"

ரமணி பக்கத்து வீட்டுப் பெண், துளசியின் உயிர்த் தோழி. தோடு காணாமல் போன அன்று வீட்டுக்கு வந்திருந்தவள் அவள் ஒருத்திதான். அமராவதியே அவள் முடியைப் பிடித்து இழுத்து, தெருவே கேட்க, "திருட்டு நாயே" என்று அறைந்தாள். துளசி அவளோடு பேசி இரண்டு வருடமாகிறது.

"எடுக்கல" என்றாள் அமராவதி. குரல் எங்கோ போயிருந்தது.

"தெரிஞ்சேதான் அவள அடிச்சியா?"

"ஆமா."

இந்தமுறை கூடத்தில் யாரும் உருகவில்லை. சிஸ்டர் தரையைப் பார்த்தார். துளசி பையை எடுத்துத் தோளில் மாட்டினாள்.

"துளசி, ஒரு நிமிசம் உக்காரும்மா."

"மொதல்ல ரமணி வீட்டு வாசலுக்குப் போ. இப்ப கத்தினியே, அதே சத்தத்துல அங்க நின்னு சொல்லு" என்றாள் மகள். "அப்பறம் எனக்குப் போன் போடு."