சோறு வந்த சரணம்

ஆம்பூரில் நசீர் அகமதின் கை பேர் போனது. ஒரு தோலைத் தடவிப் பார்த்து அவர் தரம் சொல்லிவிட்டால் அதற்கு மேல் அப்பீல் கிடையாது. முப்பத்தெட்டு வருஷம் தோல் ஃபேக்டரியில் செலக்டர் வேலை. மேஜைக்குத் தோல் வரும். உள்ளங்கையால் ஒரு தடவல், வெளிச்சத்தில் ஒரு சாய்ப்பு, பின்பக்கம் சிவப்புப் பென்சிலால் ஒரு குறிப்பு, அவ்வளவுதான். ரிட்டயர் ஆகி ஏழு வருஷமாகியும் அந்தக் கை சும்மா கிடக்கவில்லை. வீட்டில் தோல் இல்லை, இசைத்தட்டு இருந்தது. அதன்மேல் பாய்ந்துவிட்டது.

ஆயிரத்து நூறு தட்டுகள். அவரும் மனைவி சைராவும் சேர்ந்து சேர்த்தவை. கழுவித் துடைத்து நிழலில் உலர்த்துவது சைரா, தரம் பிரிப்பது நசீர். கீறலே இல்லாதது ஃபர்ஸ்ட். கொஞ்சம் இரைந்தால் செகண்ட். ஊசி தாண்டிக் குதித்தால் ரிஜெக்ட். இதையெல்லாம் உறையின் பின்பக்கத்தில் சிவப்புப் பென்சிலால் கொட்டை கொட்டையாக எழுதி, கீழே கோடும் போட்டுவிடுவார். "உறைமேல எழுதாதீங்க, பாக்க நல்லா இல்ல" என்று சைரா சொல்லாத நாளில்லை. சொன்னதைக் கேட்டுவிட்டால் அவர் நசீர் அகமது இல்லையே.

அவர்கள் இரண்டு பேருக்கும் உயிரான பாடலாசிரியர் ஒருவர் உண்டு. கோதண்டராமன் என்று பெயர். மொத்தமே பதினாலு படத்துக்குத்தான் எழுதினார். பெரிய பெயரெல்லாம் வாங்கவில்லை. எண்பத்து மூன்று வயதாகிவிட்ட அவரை வேலூரில் ஒரு மெல்லிசைக் குழு கூப்பிட்டுக் கௌரவிக்கப் போகிறது என்றும், இதற்குப் பிறகு எந்த மேடையும் ஏறுவதில்லை என்று அவர் சொல்லிவிட்டார் என்றும் செய்தி வந்தபோது, நசீருக்கு இருப்புக் கொள்ளவில்லை. கோதண்டராமன் எழுதிய பாட்டொன்று பதிந்த சின்னத் தட்டு அவரிடம் இருந்தது. அந்தப் படம் வெளியே வரவே இல்லை. தட்டு மட்டும் எப்படியோ முன்னாலேயே கடைக்கு வந்துவிட்டது. ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எண்பத்து மூன்றில் வேலூர் லாங் பஜாரில் வாங்கியது. அந்த உறையில் கவிஞரின் கையெழுத்து வாங்க வேண்டும், அந்தப் பாட்டுக்காக நேரில் ஒரு நன்றி சொல்ல வேண்டும். நசீருக்கு வேண்டியது இவ்வளவுதான். இந்த ஞாயிற்றுக்கிழமையை விட்டால் இனி கிடைக்காது.

சத்துவாச்சாரி கல்யாண மண்டபத்தில் நாலு மணிக்குக் கச்சேரி. இரண்டு பேரும் இரண்டு மணிக்கே போய் மூன்றாவது வரிசையைப் பிடித்துக்கொண்டார்கள். பதினோரு பாட்டுப் பாடினார்கள். நசீர் ஒவ்வொரு பாட்டுக்கும், பாடகர் வாய் திறப்பதற்கு முன்பே உதட்டை அசைத்துக்கொண்டிருந்தார். பக்கத்து நாற்காலிக்காரர் ஒருமுறை திரும்பி முறைத்தும் பார்த்தார். வெளிவராத படத்தின் பாட்டை யாரும் பாடவில்லை. அந்தக் குழுவில் ஒருத்தருக்கும் அப்படியொரு பாட்டு இருப்பதே தெரியாது.

கச்சேரி முடிந்ததும் மேடைக்குப் பின்னால் இருந்த சின்ன அறையில் கவிஞரை உட்கார வைத்தார்கள். வரிசை நகர்ந்தது. நசீரின் முறை வந்தபோது, நாற்பது வருஷமாக மனசுக்குள் ஒத்திகை பார்த்த பேச்செல்லாம் காணாமல் போய்விட்டது. பையிலிருந்து உறையை எடுத்து இரண்டு கையாலும் நீட்டினார்.

கோதண்டராமன் அதை வாங்கி முகத்துக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். கண் விரிந்தது. "இது எங்கேந்து கிடைச்சுது பாய்? என்கிட்டயே இல்ல" என்றார். தடவினார். முன்பக்கம் முழுக்க கதாநாயகியின் முகம், கையெழுத்துப் போட இடமில்லை. பேனாவைத் திறந்துகொண்டு உறையைத் திருப்பினார்.

திருப்பியவரின் பேனா அந்தரத்தில் நின்றது. சைரா கண்ணை மூடிக்கொண்டாள்.

"ரிஜெக்ட்" என்று கவிஞர் நிதானமாகப் படித்தார். "கோடு வேற போட்டிருக்கு. யாரு எழுதினது?"

தோல் தரம் பிரிக்கிற கை இப்படியா கழுத்தை அறுக்கும் என்று நசீர் நொந்துகொண்டார். "நான்தான் சார். பாட்டு இல்ல சார், தட்டு. நான் தோல் ஃபேக்டரில செலக்டரா இருந்தேன். கீறல் விழுந்தா அப்படி எழுதிப் பழக்கம். தட்டுலதான் கீறல்."

"வாங்கும்போதே கீறலா?"

"இல்ல சார். ரெண்டாவது சரணம் வர்ற எடத்துல மட்டும். ஊசியத் தூக்கித் தூக்கி அங்கயே வெச்சு வெச்சுக் கேட்டு, தேஞ்சுபோச்சு. இப்ப அந்த எடத்துல ஊசி நிக்கமாட்டேங்குது."

கவிஞர் முகத்தில் இருந்த சுருக்கம் கொஞ்சம் தளர்ந்தது. வரிசையில் நின்றவர்களைக் கையமர்த்தினார். "ரெண்டாவது சரணம் எனக்கே ஞாபகம் இல்ல. நோட்டெல்லாம் சென்னை வெள்ளத்துல போய்டுச்சு. இன்னா எழுதினேன், சொல்லுங்க."

நசீருக்குப் பாட வராது. சொன்னார்.

"செருப்போடு கோபத்தையும் வாசலிலே விட்டு வா, சோறு ஆறிப் போகுமுன்னே என் பக்கம் உட்கார வா."

கோதண்டராமன் பேனாவை மடியில் வைத்துவிட்டார். "ஆமா. அந்தச் சோறு" என்றார். குரலில் பழைய எரிச்சல் அப்படியே இருந்தது. "ரெக்கார்டிங் முடிஞ்சு டைரக்டர் கேட்டாரு, கதாநாயகி மெஸ் நடத்துறாளா கவிஞரேன்னு. யூனிட்டே சிரிச்சுது. காதல் பாட்டுல சோத்தைக் கொண்டாந்து வெச்சவன்னு ரொம்ப நாள் கிண்டல் பண்ணாங்க. மறுநாளே மாத்தி எழுதிட்டுப் போனேன். நிலவு தேய்ந்து போகுமுன்னேன்னு. யாரும் காதுல வாங்கல. பாட்டு அப்படியே வந்துடுச்சு."

சற்று யோசித்துவிட்டு நிமிர்ந்தார். "ஒண்ணு பண்றேன் பாய். அந்த ரெண்டு வரியையும் திருத்தி, என் கையாலயே இதுல எழுதித் தர்றேன். கீழ கையெழுத்துப் போடறேன். இனிமே அதுதான் சரியான பாட்டு."

கையெழுத்து கேட்டுவந்த இடத்தில் கவிதையே கிடைக்கிறது. எந்தச் சேகரிப்பாளன் வேண்டாம் என்பான்? நசீர் தலையை ஆட்டு ஆட்டென்று ஆட்டினார். கவிஞர் பேனாவை உறைமேல் வைத்தார்.

"வேணாங்க சார்" என்றாள் சைரா.

நசீர் திடுக்கிட்டுத் திரும்பினார். வெளியிடத்தில் நாலு பேர் எதிரில் வாய் திறக்கிறவளே இல்லை அவள். சும்மா இருக்கும்படி உருதுவில் முணுமுணுத்தார். பெரியவர் கோபித்துக்கொண்டு உறையைத் திருப்பிக் கொடுத்துவிட்டால் எல்லாம் போயிற்று.

"ஏன்மா வேணாம்?" என்றார் கவிஞர்.

சைரா துப்பட்டாவை இழுத்துவிட்டுக்கொண்டாள். அவள் தமிழ் பார்த்துப் பார்த்து நடந்தது.

"எனக்கு ஊரு கோலார் பக்கம் சார். கல்யாணமாகி வந்தப்ப தமிழ் சுத்தமா தெரியாது. வீட்ல உருதுதான். முதல் வருஷம் எங்க அண்ணன் கல்யாணம். ஃபேக்டரில ஷிப்மென்ட்டுன்னு சொல்லி இவரு என்னைக் கூட்டிட்டுப் போகல. நாலு நாள் ரெண்டு பேருக்கும் பேச்சே இல்ல. யாரு முதல்ல வாயத் தொறக்கறதுன்னு ரோஷம். இவரு அந்தத் தட்டையே போட்டுட்டு உக்காந்திருப்பாரு. எனக்கு அதுல ஒரே வார்த்தைதான் புரியும். எதிர் வீட்டு கமலம் அக்கா தினம் கேப்பாங்க, சோறு ஆச்சான்னு. அதனால சோறுன்னா தெரியும்."

சைரா நசீரை ஒரு தடவை பார்த்துவிட்டுத் தொடர்ந்தாள்.

"அஞ்சாவது நாள் இவரு வேலை முடிஞ்சு வந்து வாசல்ல நின்னாரு. உருதுல கூப்பிட்டா நான் தோத்த மாதிரி. அதனால பாட்டுல வந்ததை அப்படியே சொன்னேன். செருப்புலேர்ந்து ஆரம்பிச்சு. மத்ததுக்கு அர்த்தம் தெரியாது. தமிழ்ல நான் பேசின முதல் பேச்சே அதான் சார். நிலான்னு எழுதியிருந்தீங்கன்னா அது இன்னான்னே எனக்குத் தெரிஞ்சிருக்காது. நான் எங்க ஊருக்கே போய்ட்டிருப்பேன்."

தான் அன்று வாசலில் செருப்பைக் கழற்றத் தெரியாமல் கழற்றி, சோற்றுத் தட்டின் முன்னால் உட்கார்ந்து, சோற்றைப் பிசையாமல் அழுதது நசீருக்கு நினைவுக்கு வந்தது. இத்தனை வருஷத்தில் அவள் இதை வேறு யாரிடமும் சொன்னதில்லை. அவளை இவ்வளவு பிடிக்கும் என்று தானும் ஒரு நாளும் சொன்னதில்லை என்பது உறைத்தது. ஊருக்கெல்லாம் தரம் சொன்ன மனுஷன், பக்கத்தில் நின்றவளின் முகத்தைப் பார்க்கக் கூச்சப்பட்டுத் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

கோதண்டராமன் துண்டால் மூக்கைத் துடைத்துக்கொண்டார்.

"அந்த டைரக்டர் போய்ச் சேந்துட்டாரும்மா. உயிரோட இருந்தா இப்பவே போன் போட்டு உங்ககிட்டக் குடுத்திருப்பேன்" என்றார். பிறகு நசீரைப் பார்த்து, "பாய், அந்த வரியை இன்னொரு தடவை சொல்லுங்க. மெதுவா. ஒரு எழுத்து மாறக் கூடாது" என்றார்.

நசீர் சொன்னார். நடுவில் நின்றபோது சைரா எடுத்துக் கொடுத்தாள். கவிஞர் ஒவ்வொரு எழுத்தாக, பள்ளிக்கூடத்துப் பிள்ளை எழுதுவது போல எழுதினார். அவள் பெயரைக் கேட்டு, மேலே 'சைராவுக்கு' என்று போட்டார். கீழே கையெழுத்து. நசீர் அகமதின் பெயர் எங்கேயும் இல்லை, கேட்க அவருக்குத் தோன்றவும் இல்லை.

உறையை வாங்கக் கை நீட்டினார்கள். கவிஞர் கொடுக்கவில்லை. எட்டப் பிடித்துக்கொண்டு, வேறு யாரோ எழுதியதைப் பார்ப்பது போல, அந்த இரண்டு வரியையும் மெதுவாக வாய்விட்டுப் படித்தார்.

"பரவாயில்ல" என்றார். "நல்லாத்தான் எழுதியிருக்கேன்."