தப்பாகத் திரும்பிய விதவை

நாடகத்தின் பாட்டுக்குழு மொத்தமும் வலப்பக்கம் ஆடிப் பாடி முடித்து இடப்பக்கம் திரும்பியபோது, மிகோன் மட்டும் இன்னும் வலப்பக்கமே போய்க்கொண்டிருந்தான். போன வேகத்தில் பக்கத்து விதவையின் மேல் முட்டினான். விதவை என்றால் கொல்லன் ஸ்மிக்ரோஸ்தான், எருதுக் கழுத்துக்காரன். பதினைந்து தாடிக்கார ஆண்கள் கறுப்புத் துணியும் அழுமூஞ்சி முகமூடியுமாக, போரில் புருஷனை இழந்த பெண்களாய் ஒப்பாரி வைத்துக்கொண்டிருந்தார்கள். முட்டியதில் ஸ்மிக்ரோஸின் முகமூடி திரும்பி, அதன் வாய் அவன் காதுக்கு வந்துவிட்டது. மிச்ச ஒப்பாரியைப் பாவம் இருட்டுக்குள் நின்றே பாடினான்.

மதுக்கடவுள் தியோனிசஸின் நாடக விழாவில் அந்த ஆண்டு போட்டியிட்டவர்கள் மூன்று கவிஞர்கள். இந்தக் குழுவின் நாடகத்தை எழுதிய தெலெசோனுக்குக் கிடைத்தது மூன்றாமிடம். அடுத்த ஆண்டு நகரம் அவருக்குப் பாட்டுக்குழு தந்து போட்டியில் சேர்க்குமோ சேர்க்காதோ.

மிகோன் ஏதென்ஸ் சந்தையில் அகல்விளக்கு விற்கிறவன். ஆட்டம் பழகுகிறவர்களுக்குப் படைக்குப் போவதிலிருந்து விலக்கு உண்டு. குளிர்காலம் முழுக்க அவன் மனைவியின் தம்பி எல்லையில் நனைந்துகொண்டு காவல் நிற்க, இவன் வயிறாரச் சாப்பிட்டுவிட்டு ஆடப் பழகினான். தம்பி அதிகம் பேசவில்லை. “ஏன் மச்சான், இருக்கறதே ரெண்டு பக்கந்தானே?” என்று மட்டும் கேட்டான்.

நாடகத்தில் ஓர் அரசன் அறியாமல் ஒரு பிழை செய்கிறான். அவன் குலமே சரிகிறது. மிகோனும் அந்த அரசனைப் போலத்தான் தலைகுனிந்து சந்தைக்குள் நடந்தான். உண்மையைச் சொன்னால், அந்த வெட்கத்துக்கு அடியில் கொஞ்சம் கம்பீரமும் இருந்தது.

தன்னால்தான் தோற்றோமா என்று குழுத்தலைவன் ஹெகியாஸிடம் கேட்டான். “பண்டிகை நாளப்பா, குடி,” என்றான் அவன். குழலூதுகிறவனிடம் கேட்டான். “நான் கண்ண மூடிட்டுத்தான்யா ஊதுவேன்.” கடைசியில் கோயிலுக்கே போனான். அங்கே தெலெசோன் முகமூடிகளைக் கடவுளுக்குக் காணிக்கையாகச் சுவரில் மாட்டிக்கொண்டிருந்தார்.

“என்னாலதானே தோத்தோம், ஐயா?”

தெலெசோன் பல்லில் கடித்திருந்த ஆணியை எடுத்தார்.

“என்னாலப்பா. சாவு எப்பவும்போல உள்ளதான் நடக்குது, ஜனங்க கண்ணுக்குப் படல. வந்து சேதி சொல்றவனாவது சட்டுனு சொல்ல வேணாமா? அவனுக்கு முழ முழமா எழுதிட்டேன். நடுவர் ஒருத்தர் தூங்கியே போயிட்டார்.”

“ஆனா நான் திரும்பினது...”

“அத யாரும் பாக்கல.”

“ஸ்மிக்ரோஸோட முகமூடியே...”

“மிகோன், நல்லா ஆடுறவங்கள ஜனங்களுக்கு முன்னால நிறுத்துவோம். சுமாரா ஆடுறவங்க கடைசி வரிசை. நடு வரிசை ஒளிச்சு வைக்கிறதுக்கு. நீ பழக வந்த மொத நாளே உன்ன அங்க போட்டுட்டேன்.”

சொல்லிவிட்டு ஆணியை மறுபடி கடித்துக்கொண்டு, அடுத்த முகமூடிக்காகக் கையை நீட்டினார். மிகோன் குவியலைப் பார்த்தான். எல்லாம் ஒரே முகம். தன்னுடையது எதுவென்று தெரியாமல், கைக்கு வந்த ஒன்றை எடுத்துக் கொடுத்தான்.