முதல் வீட்டுச் சலுகை

"இங்க 'இல்லை'னு எழுதியிருக்கீங்க. ஆனா உங்க பேர்ல ஏற்கனவே ஒரு வீடு இருந்திருக்கே?" என்றார் கணக்காளர்.

"எனக்கா? வீடா?"

அவள் சிரித்துவிட்டாள். சிரித்துக்கொண்டே கணவன் பக்கம் திரும்பினாள். அவன் சிரிக்கவில்லை. மின்விசிறி சுற்றுவதை அன்றுதான் முதல்முறை பார்ப்பவன் போலப் பார்த்துக்கொண்டிருந்தான். இருவருக்கும் நடுவே உட்கார்ந்திருந்த மாமியார் கைப்பையின் ஜிப்பை இழுத்து மூடினாள். அது ஏற்கனவே மூடித்தான் இருந்தது.

மருந்துக்கடைக்கு மேலே இரண்டே அறைகள் கொண்ட அலுவலகம் அது. வெளியே தொங்கிய பலகையில் வெயில் பட்டுப் பட்டு முன்பாதி உதிர்ந்துபோய், 'அண்ட் சன்ஸ்' மட்டும் மிஞ்சியிருந்தது. அந்த மகன்கள் இருவரும் எப்போதோ வெளிநாடு போய்விட்டார்கள். இருபது வருடமாக நடத்துவது மகளான இந்தக் கணக்காளர்தான். தெருவில் அவரை 'சன்ஸ் மேடம்' என்பார்கள். பலகையை மாற்ற வேண்டும் என்று அவரும் வருடாவருடம் நினைப்பார். அதற்குள் வரிக் கணக்கு சீசன் வந்துவிடும்.

வெள்ளிக்கிழமை பத்திரப்பதிவு. மூன்றாவது மாடியில் இரண்டு படுக்கையறை வீடு, கணவன் மனைவி இருவர் பேரிலும். முதன்முதலாக வீடு வாங்குபவர்களுக்கு அரசாங்கம் தரும் வரிச் சலுகை அவளுடைய ஏழு மாதச் சம்பளத்துக்குச் சமம். அந்த விண்ணப்பத்தை நிரப்பத்தான் மூவரும் வந்திருந்தார்கள். வங்கி கடன் கொடுத்ததும் அவள் சம்பளச் சீட்டைப் பார்த்துத்தான். பல் செட் செய்யும் கூடத்தில் பதினோரு வருடமாக வேலை செய்கிறாள். எவ்வளவு தேய்த்துக் கழுவினாலும் நகக்கண்ணில் பல் அச்சு எடுக்கும் மாவு வெள்ளையாக நிற்கும். கணவன் இரண்டு வருடத்தில் மூன்று வேலை மாறியவன். வங்கிக்காரர் அவன் தாள்களை மரியாதையாகத் திருப்பிக் கொடுத்துவிட்டார்.

"பதிவேட்டுல இருக்கு பாருங்க," என்று சன்ஸ் மேடம் கணினித் திரையைத் திருப்பினார். "பன்னிரண்டு வருஷம் முன்னாடி உங்கப்பா உங்களுக்கு எழுதிக் குடுத்திருக்கார். எட்டு மாசத்துல நீங்க வித்திருக்கீங்க."

"அது அப்பா இவங்களுக்குக் குடுத்த வீடு மேடம். கல்யாணத்துக்கு. நான் பார்த்ததுகூட இல்ல."

"இல்லம்மா. உங்களுக்குக் குடுத்தது."

கீழே மருந்துக்கடையில் யாரோ இருமல் மருந்துக்குப் பேரம் பேசிக்கொண்டிருந்தார்கள்.

அவளுக்கு அந்த நாள் நினைவுக்கு வந்தது. 'பேங்க் விஷயம், ஒரு கையெழுத்து' என்று கணவன் ஓர் அலுவலகத்துக்குக் கூட்டிப்போனான். 'இங்க, இங்க, அப்புறம் இங்க' என்று விரலால் தொட்டுத் தொட்டுக் காட்டினான். திரும்பும்போது ஐஸ்கிரீம் வாங்கிக் கொடுத்தான். கல்யாணமான புதிதில் சந்தோஷமாக இருந்த நாள் எது என்று யார் கேட்டாலும், இத்தனை வருடமும் அவள் அந்த நாளைத்தான் சொல்லிவந்தாள். அடுத்த மாதம் நாத்தனாரின் கல்யாணம் ஊரே பேசும்படி நடந்தது.

"அது சும்மா பேருக்கு எழுதினதும்மா," என்றாள் மாமியார் கணக்காளரிடம். "வீட்டுக்கு வந்த பொண்ணோடது வீட்டோடதுதானே? இதுல என்ன உன்னோடது, என்னோடது?"

"சட்டத்துக்குப் பேருதாங்க கணக்கு. பத்திரத்துல வர்ற யாருமே இதுக்கு முன்னாடி வீடு வெச்சிருந்திருக்கக் கூடாது. ரெண்டு பேர் பேர்லயும் பதிஞ்சா சலுகை கிடைக்காது. பொய் சொல்லி எழுதினா அபராதம் வரும், என் லைசென்ஸும் போயிடும்."

கணவன் முதல்முறையாக வாயைத் திறந்தான். "அப்ப என் பேர்ல மட்டும் போட்டா?"

"கிடைக்கும்."

"அவ்வளவுதானே!" மாமியார் நாற்காலியில் நன்றாகச் சாய்ந்துகொண்டாள். "இதுக்குப் போய் பயமுறுத்திட்டீங்களே மேடம். அவன் பேர்ல போடுங்க. இவ எங்க போயிடப் போறா?"

"பேருதானே," என்றான் கணவன் மனைவியிடம், மெல்ல. "ஏழு மாசச் சம்பளம். யோசிச்சுப் பாரு. நீதான் அதுல காலம் பூரா இருக்கப் போற."

அவள் திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். "மேடம், அந்த வீடு எங்க இருக்கு?"

சன்ஸ் மேடம் தெருவைச் சொன்னார். கதவு எண் பதினாலு.

தினமும் காலையில் அவள் போகும் பேருந்து அந்தத் தெருவில்தான் சிக்னலுக்கு நிற்கும். பதினாலாம் எண்ணில் நீலக் கேட். மாடிக் கொடியில் சின்னச் சின்னச் சீருடைகள் காயும். யாரோ கொடுத்துவைத்தவர்கள் என்று எத்தனையோ தடவை நினைத்திருக்கிறாள். அந்த வீட்டு ஜன்னலுக்குத் தன் மனசிலேயே திரைச்சீலைகூட மாட்டியிருக்கிறாள், வெளிர்ப்பச்சையில்.

"நீலக் கேட்டு," என்றாள்.

கணவன் தலையைக் குனிந்துகொண்டான். அவன் அந்தப் பக்கம் பேருந்தில் போவதே இல்லை.

அவள் விண்ணப்பத்தைத் தன் பக்கம் இழுத்தாள். 'இதற்கு முன் வீடு வைத்திருந்தீர்களா' என்ற கேள்விக்கு எதிரே எழுதியிருந்த 'இல்லை'யை ஒரே கோட்டில் அடித்தாள். பக்கத்தில் 'ஆம்' என்று எழுதினாள்.

"ஏய், என்ன பண்ற? சலுகை போயிடும்டி!" என்றாள் மாமியார்.

"போகட்டும். மேடம், கடன் என் பேர்லதானே? பத்திரமும் என் பேர்ல மட்டும் இருக்கட்டும். வெள்ளிக்கிழமைக்குள்ள மாத்த முடியுமா?"

"தாராளமா முடியும்," என்றார் சன்ஸ் மேடம். குரலில் எதையும் காட்டிக்கொள்ளவில்லை. ஆனால் அதுவரை கடித்துக்கொண்டிருந்த பேனா மூடியை வாயிலிருந்து எடுத்திருந்தார்.

"பைத்தியமா உனக்கு?" கணவனின் குரல் ஏறியது. "கையில வர்ற பணத்தைத் தூக்கி எறியறியே! என் சலுகையும் சேர்ந்து போகுது தெரியுமா?"

"அது எப்படிங்க போகும்?" அவள் நிதானமாகக் கேட்டாள். "உங்க பேர்லதான் இதுவரைக்கும் வீடே இல்லையே. உங்க சலுகை அப்படியே பத்திரமா இருக்கும். நீங்க சம்பாதிச்சு உங்க முதல் வீட்டை வாங்கறப்ப எடுத்துக்குங்க."

பக்கத்து அறையில் அச்சு இயந்திரத்தருகே நின்ற தட்டச்சுக்காரி இருமினாள். அது இருமல் இல்லை என்பது எல்லோருக்கும் தெரிந்தது.

அரை மணி நேரத்தில் புதிய தாள்கள் தயாராகி வந்தன. சூடாக, இருபத்திரண்டு பக்கம். கணவன் படியிறங்கிக் கீழே போய்விட்டான். மாமியார் எழுந்து கைப்பையைத் தோளில் மாட்டிக்கொண்டாள்.

"அதான் ஜெயிச்சிட்டியே. சீக்கிரம் கையெழுத்தைப் போட்டுட்டு வா."

அவள் முதல் பக்கத்தை எடுத்து, முதல் வரியில் விரலை வைத்தாள்.

"உட்காருங்க அத்தை. படிச்சிட்டுப் போடறேன்."