மேட்டுக்கு மேலே தெரிந்த தண்ணீர்

ஞாயிற்றுக்கிழமைகளில் அந்த வீட்டில் யாரும் முழுசாக விழிப்பதில்லை. இருட்டு பிரியும் நேரத்தில் அப்பா வேனை வாசலுக்குக் கொண்டுவந்து கதவைத் திறந்து வைப்பார். பிள்ளைகள் இருவரும் தலையணையைக் கட்டிக்கொண்டே நடந்து வந்து, நடு இருக்கையில் ஒருவர்மேல் ஒருவர் சாய்ந்து, விட்ட இடத்திலிருந்து தூக்கத்தைத் தொடர்வார்கள். பின்னால் பட்டை போட்டு இறுக்கிய இரண்டு பைக்குகளும் ஒவ்வொரு திருப்பத்திலும் லேசாக முனகும். பெட்ரோல் வாசனையும், காய்ந்த சேற்று வாசனையும், பிளாஸ்கில் இருக்கும் காபி வாசனையும் ஒன்றாகக் கலந்து வண்டிக்குள் சுற்றும். அம்மா முன் சீட்டில் கண்ணைத் திறந்தபடியே கனவு காண்பாள்.

அம்மாவுக்கு ஆஸ்பத்திரியில் மாவுக்கட்டு அறையில் வேலை. வாரம் முழுக்க ஊரார் பெற்ற பிள்ளைகளின் கையையும் காலையும் நேராகப் பிடித்துக் கட்டுப் போடுவாள். ஞாயிற்றுக்கிழமையானால், தான் பெற்ற இரண்டையும் பைக் பந்தய மண்மேட்டில் ஏற்றி விடுவாள். "வேலை கொறஞ்சிடுச்சுன்னா நீங்களே ஆள் தயார் பண்ணிடுவீங்க போல" என்று எலும்பு டாக்டர் கிண்டலடிப்பார். அவளும் சிரிப்பாள். வயிறு மட்டும் சிரிக்காது.

அப்பா டவர் கிரேன் ஓட்டுபவர். கட்டிக்கொண்டிருக்கும் மாடிகளுக்கெல்லாம் மேலே, ஒரு கண்ணாடிக் கூண்டுக்குள் பகல் முழுக்கத் தனியாக உட்கார்ந்திருப்பவர். அதனாலோ என்னவோ, தரைக்கு வந்த பிறகும் பேச்சு அளந்துதான் வரும்.

மூத்தவளுக்குப் பதிமூன்று வயது. தரையில் இருக்கும் நேரத்தைவிடக் காற்றில் இருக்கும் நேரம் அதிகம் என்பதால் பந்தயத் திடலில் அவளுக்குத் தும்பி என்று பெயர். இளையவனுக்கு ஒன்பது. அவன் உருளை. எங்கே விழுந்தாலும் கிழங்கு மாதிரி நாலு உருட்டு உருண்டு, மண்ணைத் தட்டிக்கொண்டு எழுந்துவிடுவான். அக்கா பறக்கிற பெரிய மேட்டில் அவன் பறப்பதில்லை. ஒரு பக்கம் ஏறி, உச்சியில் மூச்சு விட்டு, மறுபக்கம் இறங்குவான். கடைசியாக வந்தாலும் கையாட்டிக்கொண்டுதான் வருவான்.

அன்றைக்குப் பந்தயம் நடந்த திடல் அவர்களுக்குப் புதிது. ஒரு காலத்தில் கல் உடைத்த இடம். கொட்டிப்போன மண்ணையெல்லாம் சீராக்கி, வளைவும் தாவலுமாகப் பாதை போட்டிருந்தார்கள். அதற்கப்பால் முள்மரங்கள் சுவர் மாதிரி நின்றன. பனி இன்னும் விலகவில்லை. யாராவது விழுந்தால் ஆட்டுகிற கொடிக்காரரின் மஞ்சள் கொடி மட்டும் தெரிந்தது, ஆள் தெரியவில்லை.

காலைச் சுற்றில் தும்பிதான் முதலில் போனாள். அம்மா பெரிய மேட்டுக்குப் பக்கத்தில் வேலிக் கயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்றாள். முதல் தடவை தும்பி மேலே எழும்பி, பனிக்குள் போய், பனியிலிருந்து இறங்கினாள். இரண்டாவது தடவை, பனி கொஞ்சம் கலைந்திருக்க, மேலே போனபோது அவள் தலை இடதுபக்கம் திரும்பியிருந்ததை அம்மா கவனித்தாள். மூன்றாவது தடவையும் திரும்பியது, இன்னும் அதிகமாக. முன்சக்கரம் கோணலாக இறங்கியது. பைக் ஒரு பக்கம் போக, தும்பி ஒரு பக்கம் போனாள். கொடி வேகவேகமாக ஆடியது. அம்மா கயிற்றுக்கு அடியில் குனிந்து ஓடினாள். அதற்குள் தும்பி எழுந்து, பைக்கை நிமிர்த்தி, உதைத்துக் கிளப்பிப் போய்விட்டாள். ஆறாவதாக வந்தாள்.

வேனுக்குத் திரும்பியதும் ஹெல்மெட்டைக் கழற்றினாள். கண்ணாடி மூடிய இடம் மட்டும் வெள்ளையாக, மற்றபடி முகமெல்லாம் சேறு.

"எங்கடி பார்த்துட்டு ஓட்டுன?"

"அம்மா, மரத்துக்கு அந்தப் பக்கம் தண்ணி இருக்கு. பச்சைத் தண்ணி. அதுல ஒரு மிருகம் நின்னு தண்ணி குடிக்குது."

"என்ன மிருகம்?"

"தெரியலம்மா. மஞ்சளா இருக்கு. கழுத்து இவ்ளோ நீளம். கழுத்து மேல வரிசையா கொக்கு உட்கார்ந்திருக்கு."

அம்மா டார்ச்சை எடுத்து மகளின் இரண்டு கண்ணிலும் மாற்றி மாற்றி அடித்தாள். பின்னந்தலையைத் தடவினாள். ஹெல்மெட்டைத் திருப்பிப் பார்த்தாள். காதுக்கு மேலே ஒரு புதுக் கீறல் இருந்தது.

"வாந்தி வர்ற மாதிரி இருக்கா?"

"இல்ல."

"இன்னிக்கு என்ன கிழமை?"

"ஞாயித்துக்கிழமை. எல்லா ஞாயித்துக்கிழமையும் இதையேதான் கேக்கற."

"அப்ப மஞ்சள் மிருகம்னு ஏன்டி சொல்ற? தலையில அடி பட்டா இல்லாததெல்லாம் கண்ணுக்குத் தெரியும். தினம் பார்க்கிறேன் நான். சாயங்காலப் பந்தயம் உனக்குக் கிடையாது."

"விழுந்ததால பார்க்கலம்மா. பார்த்ததாலதான் விழுந்தேன்!"

தும்பி அப்பாவைப் பார்த்தாள். அவர் செயினில் சிக்கியிருந்த புல்லைக் குச்சியால் நோண்டிக்கொண்டிருந்தார். நிமிர்ந்து, ஏதோ சொல்ல வாயெடுத்து, அம்மாவின் முகத்தைப் பார்த்துவிட்டு, "அம்மா சொல்றத கேளு" என்றார். அவ்வளவுதான். தும்பி பூட்ஸைக் கழற்றி எறிந்துவிட்டு வேனுக்குள் ஏறிப் படுத்துக்கொண்டாள். அழவில்லை. கூரையைப் பார்த்துக்கொண்டு படுத்திருந்தாள்.

உருளை கதவோரம் வந்து நின்றான். கையில் பாதி கடித்த ரொட்டி.

"அக்கா, எந்தப் பக்கம்?"

"லெஃப்ட்."

"கொக்கு எத்தனை?"

"எண்ண முடியலடா. நான் என்ன அங்கேயே உட்கார்ந்திருந்தேனா?"

அவன் மீதி ரொட்டியை அவளிடம் கொடுத்துவிட்டுப் போனான்.

மதியத்துக்கு மேல் சின்னப் பிள்ளைகளின் பந்தயம். பனி விலகி, வெயில் மண்ணின்மேல் மஞ்சளாகப் படுத்திருந்தது. குட்டி பைக்குகள் வண்டுக்கூட்டம் மாதிரி இரைந்துகொண்டு புறப்பட்டன. உருளை வழக்கம்போல் கடைசி. அம்மாவுக்கு அதில் ஒரு நிம்மதி. பெரிய மேட்டுக்கு முன்னால் எல்லாப் பிள்ளைகளும் வேகத்தைக் குறைத்தார்கள். உருளை குறைக்கவில்லை. இருக்கையிலிருந்து எழுந்து நின்றான். இஞ்சின் சத்தம் ஒரேயடியாக ஏறியது.

"டேய், வேண்டாம்டா" என்று அம்மா சொன்னது அவளுக்கே கேட்கவில்லை.

அவன் பறந்தான். ரொம்ப உயரம் என்று சொல்ல முடியாது. ஆனாலும் பைக்கின் இரண்டு சக்கரமும் அவன் இரண்டு காலும் பூமியில் இல்லை. வெயில் அவனுக்குப் பின்னால் இருந்ததால் முகம் தெரியவில்லை. ஹெல்மெட் மட்டும், நிதானமாக, ஒரு பூ திரும்புவது போல இடதுபக்கம் திரும்பியது. அந்த நேரம் நீண்டுகொண்டே போனது. அவன் இறங்கவே போவதில்லை, இப்படியே இருந்துவிடுவான் என்று அம்மாவுக்குத் தோன்றியது.

அப்புறம் இறங்கினான். இந்தத் தடவை உருளவில்லை.

அவள் போய்ச் சேர்ந்தபோது மணிக்கட்டை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். பார்த்ததுமே அவளுக்கு எந்த எலும்பு என்று தெரிந்துவிட்டது. அப்பாவும் தும்பியும் ஓடிவந்தார்கள். தும்பிக்குக் காலில் செருப்புகூட இல்லை. உருளை அம்மாவைப் பார்க்கவில்லை, அக்காவைத்தான் பார்த்தான். கண்ணில் தண்ணீர் வழிந்தது, வாய் சிரித்தது.

"இருக்குக்கா. மஞ்சளா. கொக்கு நிறைய இருக்கு."

"கடவுளே, இவனுக்கும் தலையில அடியா?" என்றாள் அம்மா.

அப்பா குனிந்து மகனைத் தூக்கினார். "ரெண்டு தலையில அடி பட்டா, ரெண்டுக்கும் ஒரே கொக்கா தெரியும்?" என்று மட்டும் கேட்டார்.

அன்று அம்மாவுக்கு விடுமுறை நாள். ஆனாலும் ஆஸ்பத்திரியில் படம் எடுத்துப் பார்த்துவிட்டு, டாக்டர் எலும்பை இழுத்து நேராக்கியதும், "நானே போடறேன்" என்று கையைக் கழுவிக்கொண்டு வந்தாள். சேறு படிந்த சட்டையின்மேல் ஏப்ரனைக் கட்டிக்கொண்டு, பஞ்சைச் சுற்றி, மாவுத்துணியைத் தண்ணீரில் நனைத்துப் பிழிந்தாள். ஈரத்துணி அவள் கையில் சூடாகத் தொடங்கியது. எத்தனையோ பிள்ளைகளுக்குப் போட்ட கை. தன் பிள்ளையின் கையென்றதும் ஒவ்வொரு சுற்றும் தண்ணீருக்கு அடியில் நடப்பது போல மெதுவாக நடந்தது.

"ஏன்டா அப்படிப் பண்ணின?"

"அக்கா பொய் சொல்லலன்னு பார்க்கத்தான்."

"அவ பொய் சொல்றான்னு நான் சொல்லவே இல்லையே. தலையில அடின்னுதானே சொன்னேன்."

"ரெண்டும் ஒண்ணுதானேம்மா. அக்கா சொன்னத நீ நம்பல."

அவள் துணியை நீவிக்கொண்டே இருந்தாள். கட்டு எப்போதோ வழவழப்பாகிவிட்டிருந்தது. அறையின் மூலையில் தும்பி மடக்கு நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். காலில் அப்பாவின் பெரிய செருப்பு. அம்மா அவளைத் திரும்பிப் பார்த்தாள். "காலைக் கழுவிட்டு வா, கண்ணாடி ஏதாவது குத்தியிருக்கான்னு பார்க்கிறேன்" என்றாள்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை பந்தயம் இல்லை. இருந்தாலும் அம்மாதான் முதலில் எழுந்தாள். "கிளம்புங்க" என்றாள்.

"எங்க?" என்றார் அப்பா, போர்வைக்குள்ளிருந்து.

"அந்த மிருகத்தப் பார்க்க."

பைக் இல்லாத வேன் சத்தமே இல்லாமல் போனது. திடலில் ஒருவரும் இல்லை. மண்மேடுகள் தூங்குகிற மாடுகள் போலப் பனிக்குள் படுத்திருந்தன. நால்வரும் பெரிய மேட்டைத் தாண்டி முள்மரங்களுக்குள் நுழைந்தார்கள். வழி என்று ஒன்று இல்லை. அப்பா முன்னால் போய்க் கிளைகளை ஒதுக்கிப் பிடித்தார். உருளை கட்டுப்போட்ட கையைத் தலைக்கு மேலே தூக்கிக்கொண்டு, சரணடையப் போகிறவன் மாதிரி நடந்தான். சட்டையெல்லாம் முள் பிடித்து இழுத்தது. திரும்பிவிடலாமா என்று அம்மா நினைத்த நேரத்தில் மரங்கள் முடிந்தன.

கீழே ஒரு பெரிய பள்ளம். வெட்டிய கல்சுவர்கள் படிபடியாக இறங்கி, பச்சைத் தண்ணீருக்குள் போய் மறைந்தன. தண்ணீர் அசையவே இல்லை. அதன் நடுவில், கழுத்தை நீட்டிக் குனிந்து, வாயைத் தண்ணீரில் வைத்தபடி ஒரு மஞ்சள் மிருகம் நின்றது. கழுத்து நெடுகக் கொக்குகள்.



"பொக்லைன்" என்றார் அப்பா மெல்ல. "தோண்டிக்கிட்டு இருக்கும்போதே ஊத்து அடிச்சிருக்கும். வெளிய எடுக்க நேரம் இருந்திருக்காது. ஓட்டினவன் இறங்கி ஓடியிருப்பான்."

அவர் சொன்ன பிறகும் அது பொக்லைனாக மாறவில்லை. மிருகமாகவே நின்று தண்ணீர் குடித்தது. அவர்கள் ஒரு கல்படியில் வரிசையாக உட்கார்ந்தார்கள். "ஓரத்துலயே ஆழம் இருக்கும், யாரும் கால வைக்கக் கூடாது" என்று அம்மா சொல்லிவிட்டு உருளையின் சட்டைக் காலரைப் பிடித்துக்கொண்டாள்.

அப்பாவுக்கு என்னமோ ஆகிவிட்டது. கேட்காமலே பேசினார். "எனக்கு கிரேன் மேல இருந்து இந்த மாதிரி நிறைய தெரியும். சில நாள் காலையில பனி எனக்குக் கீழ இருக்கும். ஊரே இருக்காது. நாலஞ்சு மாடி உச்சி மட்டும் தீவு மாதிரி நிக்கும். ஒரு நாள் ஒரு பட்டம், நூலே இல்லாம, கூண்டுக்குப் பக்கத்துல வந்து ரொம்ப நேரம் நின்னுச்சு. என்னைப் பார்க்க வந்த மாதிரி."

"ஏங்க, இதெல்லாம் என்கிட்ட சொன்னதே இல்லையே?"

"கீழ வந்து சொன்னா பொய் மாதிரி இருக்கும்."

தும்பி அவர் பக்கம் திரும்பினாள். "அப்படின்னா அன்னிக்கு நீ ஏன்பா ஒண்ணும் சொல்லல?"

அவர் கொக்குகளைப் பார்த்தார். "உங்கம்மா பயந்து போயிருந்தா. அது எனக்கும் தொத்திக்கிச்சு. நான் சொல்லியிருக்கணும். தப்புதான்."

"என் தப்புதான் பெருசு" என்றாள் அம்மா. "தினம் ஒடஞ்சதையே பார்த்துப் பார்த்து எனக்கு எதப் பார்த்தாலும் ஒடஞ்ச மாதிரியே தெரியுது. உன் பந்தயத்தையும் கெடுத்துட்டேன்."

"கெடுத்துட்டதான்" என்றாள் தும்பி. சொல்லிவிட்டு அம்மாவின் தோளில் தலையைச் சாய்த்தாள். "ஆனா ஹெல்மெட்ல கீறல் இருந்துச்சே. நானா இருந்தாலும் விட்டிருக்க மாட்டேன்."

வெயில் கல்சுவரின் விளிம்பைத் தொட்டு, ஒவ்வொரு படியாகக் கீழே இறங்கியது. நான்கு வருடமாகப் பந்தயத்துக்குக் கூட்டி வந்தும் ஒருநாள்கூடக் கேட்காத ஒன்றை அம்மா அப்போது கேட்டாள்.

"அந்த மேட்டுக்கு மேல போறப்ப எப்படிடி இருக்கும்?"

தும்பி யோசித்தாள். "சத்தம் இருக்காதும்மா. இஞ்சின் ஓடிட்டுத்தான் இருக்கும், ஆனா யாரோ பக்கத்து வீட்டுல ஓட்டற மாதிரி இருக்கும். கை கால் எதுவும் கனக்காது. கீழ வரணும்னு ஞாபகமே வராது. அப்புறம் மண்ணு மேல வந்துடும்."

"எனக்கு மூக்கு அரிச்சுது" என்றான் உருளை.

அம்மா சிரித்தாள், வயிறு குலுங்க. அந்தச் சத்தம் கல்சுவரில் பட்டுத் திரும்பி வந்தது. கொக்குகள் எல்லாம் ஒரே நேரத்தில் எழும்பின. எழும்பி, பச்சைத் தண்ணீருக்கு மேலே ஒரு வட்டம் போட்டு, இவர்களை யாரென்று பார்த்துவிட்டு, ஒவ்வொன்றாகத் திரும்ப வந்து உட்கார ஆரம்பித்தன. உருளை நல்ல கையின் விரல்களை மடக்கி எண்ணத் தொடங்கினான். கட்டுக்குள் இருந்த கையை எட்டியதும், மேற்கொண்டு எண்ண அக்காவின் விரல்களை இரவல் கேட்டான்.