நிக்கு நாஷி

பேசின் பிரிட்ஜில் அரக்கோணம் வண்டிக்காக நின்ற அரை மணி நேரத்தில், திரும்பிப் போய்விடலாமா என்று நான்கு முறை யோசித்தேன். வயிற்று வலி என்று ஒரு சாக்குச் சொன்னால் தீர்ந்தது. ஆனால் அரசப்பனின் அம்மா செல்லியம்மாள் சொல்லி அனுப்பியிருந்தார்: என் பிள்ளை சத்தியத்தைக் காப்பாற்றிக் கொடுத்தவன், வந்து ஒரு வாய் சாப்பிட்டுப் போகட்டும் என்று. அந்தப் பேச்சுதான் என்னை இருப்புக்கொள்ளாமல் செய்தது. வண்டி வந்தது. இடம் இருந்தும் உட்காரவில்லை.

நானும் அரசப்பனும் கும்மிடிப்பூண்டியில் ஒரு குழாய்த் தொழிற்சாலையில் ஃபிட்டர்கள். எங்கள் குடும்பம் பழவேற்காட்டு ஏரியில் வலை போடுகிற குடும்பம். அவனுடையது திருவாலங்காட்டில் நெல் விளைகிற நிலம் வைத்திருக்கும் சைவக் குடும்பம். எழுபத்தேழாம் வருஷம் எங்கள் இரண்டு பேரையும் மூன்று மாதப் பயிற்சிக்கு ஜப்பானுக்கு அனுப்பினார்கள். கிளம்புகிற அன்று செல்லியம்மாள் கோயில் வாசலில் கற்பூரம் ஏற்றி, மகன் கையாலேயே அதை அணைக்கச் சொல்லி, கவுச்சி தொடமாட்டேன் என்று சத்தியம் பண்ண வைத்தார்.

அங்கே போனதும் பிடித்தது சனி. ஹாஸ்டல் கேன்டீனில் எந்தக் கிண்ணத்தைத் திறந்தாலும் உள்ளே ஏதாவது நீந்தியது. நான் ஒரு வெட்டு வெட்டினேன். அவன் பன்னும் வாழைப்பழமும், வெறும் சோற்றில் சர்க்கரையுமாக ஓட்டினான். ஷிஃப்டு முடிந்ததும் என்னை இழுத்துக்கொண்டு தெருத் தெருவாக அலைவான். கடை வாசல் கண்ணாடிப் பெட்டியில் மெழுகில் செய்து வைத்திருக்கும் சாப்பாட்டு மாதிரிகளை மூக்கு ஒட்டப் பார்ப்பான். ஒரு கடையில் கீரை மாதிரி இருந்தது. வாங்கிக் கிளறினால் இறால். ஆறாவது வாரம் மிஷின் முன்னால் மயங்கி விழுந்தான். இன்னொரு தரம் விழுந்தால் ஊருக்கு அனுப்பிவிடுவோம் என்றார்கள். அப்படித் திரும்பினால் வேலையும் போன மாதிரிதான்.

அன்றைக்கு மொழிபெயர்ப்பாளரிடம் கெஞ்சிக் கூத்தாடி இரண்டு வார்த்தை வாங்கி வந்தான். கவுச்சிக்கு 'நிக்கு'வாம். இல்லை என்பதற்கு 'நாஷி'யாம். "நிக்கு நாஷி, நிக்கு நாஷி" என்று முணுமுணுத்துக்கொண்டே ரயிலடிக்குப் பின்னால் இருந்த சின்னக் கடைக்குள் நுழைந்தான். கடைக்காரம்மா தலையை ஆட்டிச் சிரித்துவிட்டு, தடித்தடி சேமியாவும் வெங்காயத்தாளும் மிதக்கிற சூப்பு இரண்டு கிண்ணம் கொண்டுவந்து வைத்தாள்.

கிண்ணத்தைத் தூக்கியதுமே எனக்குத் தெரிந்துவிட்டது. கருவாடு. துண்டு இல்லை, துகள் இல்லை, தெளிந்த சாறுதான். ஆனால் கருவாடு காயும் பாயில் புரண்டு வளர்ந்த மூக்கு என்னுடையது. நமக்குக் கவுச்சி என்றால் ஆடு, கோழி, மீன், முட்டை எல்லாம் ஒரே மூட்டை. அவர்களுக்கு நிக்கு என்றால் ஆடு, மாடு, கோழியோடு சரி, மீன் அதில் சேர்த்தி இல்லை. சொல்ல வாயைத் திறந்தேன். அதற்குள் அவன் கிண்ணம் காலி. கண்ணில் தண்ணீர்.

"ராஜவேலு, நம்ம ஊட்டு ரசம் கணக்கா கீதுடா," என்றான்.

வாயை மூடிக்கொண்டேன். அப்புறம் நாற்பத்தாறு நாள் அதே கடை. தினமும் சொல்லிவிட நினைப்பேன். தினமும் அவன் கன்னத்தில் சதை ஏறுவதைப் பார்த்துவிட்டுச் சும்மா இருந்துவிடுவேன். என்மேல் எனக்கே எரிச்சலாக இருக்கும்.

திருவாலங்காட்டில் இறங்கி அவன் வீட்டுக்குப் போனபோது இலை போட்டிருந்தது. நான் சுவரில் மாட்டியிருந்த படங்களைப் பார்க்கிற மாதிரி நடந்துகொண்டிருந்தேன்.

"ஒக்காருப்பா. இன்னா நின்னுக்கினே கீற?" என்றார் செல்லியம்மாள். "நீ இல்லன்னா எம்புள்ள அங்க சத்தியம் தவறியிருப்பான்."

அரசப்பனுக்குப் பக்கத்து இலையில் உட்கார்ந்தேன். சாம்பார் சோற்றை இலையில் ஓரமாகத் தள்ளிக்கொண்டிருந்தேன். அவர் ரசப் பாத்திரத்தோடு வந்தார்.

"இன்னிக்கு ரசத்துல ஒரு விசேசம் கீது," என்றார்.

அரசப்பன் சிரித்தான். "அந்தக் கடக்காரம்மா கெளம்பசொல்ல ஒரு பொட்டலம் குடுத்துச்சுடா. அதுங்க ஊரு ரசப்பொடி. நீ வர்ற அன்னிக்குன்னு எடுத்து வெச்சிருந்தேன்."

"பொக வாசனதான் கொஞ்சம் தூக்கலா கீது," என்றார் அம்மா. "விருந்தாளிக்கு ஊத்திட்டு நானும் ஒரு வாய் பாக்கணும்."

அந்த வாசனை என் இலைக்கு வந்துவிட்டது. நான் குடித்துவிடலாம். அரசப்பனும் குடித்துப் பழகியவன்தான். ஆனால் அடுத்தது அந்த அம்மா குடிப்பார். பிறந்ததிலிருந்து மீன் கடை வாசலைக்கூட மிதிக்காதவர். இலைக்கு மேல் கையை விரித்தேன்.

"வேணாம்மா. அதுல மீனு கீது."

கரண்டி அப்படியே நின்றது.

"இதுல மட்டுமா? அங்க இவன் துன்னதுலயுமா?"

"அதுலயுந்தான்."

"உனுக்கு எப்போ தெரியும்?"

"மொத நாளே."

"ஏன் சொல்லல?"

"சொன்னா சாப்ட மாட்டான்மா. அப்பவே பாதி ஆளாயிட்டான்."

செல்லியம்மாள் மகனை, அவன் கன்னத்தை, கையை எல்லாம் நிதானமாகப் பார்த்தார். பாத்திரத்தைக் கொல்லைக்குக் கொண்டுபோய்க் கொட்டிவிட்டு, முழங்கை வரைக்கும் கழுவிக்கொண்டு வந்தார்.

"தெரிஞ்சி துன்னாத்தான் சத்தியம் தப்பும். எம்புள்ள உசுரோட வந்தானே, போதும்," என்றவர் என் இலையில் மோர் ஊற்றினார். "நீ சாப்புடு."

எனக்கு அழுகை வந்துவிட்டது. நன்றாகப் பிசைந்து சாப்பிட்டேன். அரசப்பன் பாதியில் இலையை மடித்துவிட்டு எழுந்து போனான்.

ஸ்டேஷன் வரைக்கும் கூட வந்தான், நாலடி முன்னால் நடந்துகொண்டே. என்னால் தாங்க முடியவில்லை.

"அரசப்பா, அம்மாவே ஒண்ணும் சொல்லலியேடா."

"அம்மாக்கு இன்னாடா," என்றான், தண்டவாளத்தைப் பார்த்துக்கொண்டே. "அது வாயாண்ட போவறதுக்குள்ள கைய வெச்சித் தடுத்துட்ட. என் வாயாண்ட நாப்பத்தாறு நாளு போச்சே."

வண்டி வந்துவிட்டது. உள்ளே இடம் நிறைய இருந்தது. திருவள்ளூர் தாண்டியும் நான் நின்றுகொண்டேதான் வந்தேன்.