சுதேசக் கனவானின் வீடு

கப்பலில் வந்திறங்கும் வெள்ளைக்காரருக்குக் கொழும்பைச் சுற்றிக் காட்டும் கம்பெனி ஒன்று, ஆயிரத்துத் தொளாயிரத்து முப்பத்தேழாம் ஆண்டு, தன் பட்டியலில் புதிதாக ஒரு வரியைச் சேர்த்தது. காலையில் கொட்டாஞ்சேனைக் கோயில்கள், புறக்கோட்டைக் கடைத்தெரு, கறுவாத்தோட்டம், மியூசியம். மத்தியானம் கல்கிசை ஹோட்டலில் சாப்பாடு. திரும்பும் வழியில் மூன்றே முக்காலுக்கு 'சுதேசக் கனவான் ஒருவரின் வீடு'. நாலரைக்குக் காலிமுகத்தில் பாம்பாட்டி.

கனவானாக வாய்த்தவர் பாலசுந்தரம். யாழ்ப்பாணத்திலிருந்து உத்தியோகத்துக்கு வந்து, கோட்டையிலுள்ள ஒரு தேயிலைக் கம்பெனியில் பதினாலு வருஷமாக இரண்டாவது கிளாக்கராக இருப்பவர். வெள்ளவத்தையில் கடலுக்கு இறங்கும் ஓர் ஒழுங்கையில் அவருக்கு வாடகை வீடு. அந்த ஒழுங்கையில் மோட்டார் வண்டி திரும்புவதற்கு இடமிருந்தது அவர் வீட்டு வாசலில் மட்டும்தான். ஊர் காட்டும் கம்பெனி அவரைத் தெரிந்தெடுத்ததற்கு வேறு காரணம் இல்லை. பாலசுந்தரம் அப்படி எண்ணவில்லை. பாம்பாட்டிக்கு முன்னால் தன்னைப் போட்டிருக்கிறார்கள் என்பதையும் அவர் கவனித்து வைத்துக்கொண்டார்.

செய்தியைக் கொண்டுவந்தவர் வழிகாட்டி பதியுதீன். துருக்கித் தொப்பியும் வெள்ளைக் கோட்டும், நெஞ்சில் பித்தளை வில்லையுமாக இருபது வருஷம் இறங்குதுறையில் நின்றவர்.

"ஐயா, நீங்க ஒண்டும் செய்ய வேணாம். சும்மா வீட்டுல இருந்தாப் போதும். அவங்க வந்து பாத்துட்டுப் போவாங்க," என்றார்.

பாலசுந்தரத்தின் மனைவி நேசமலருக்கு இது விளங்கவில்லை.

"எங்கடை வீட்டிலை பாக்கிறதுக்கு என்ன கிடக்கு?"

"எங்கடை வீடும் அவையின்ரை வீடு மாதிரித்தான் எண்டு பாத்துக்கொண்டு போவினம். நீர் பேசாமல் இரும்."

"அதைப் பாக்கவோ அவ்வளவு தூரம் கப்பலேறி வருகினம்?"

அந்தக் கிழமை முழுக்கப் பாலசுந்தரத்துக்கு இதற்குப் பதில் சொல்ல நேரம் இருக்கவில்லை. முன் விறாந்தையில் கிடந்த பாய்களைச் சுருட்டிப் பின்னுக்குக் கொண்டுபோனார். புது ராசாவின் முடிசூட்டுப் படத்தை நடுச்சுவரில் மாட்டினார். அங்கே தொங்கிய முருகன் குசினிக்கு மாற்றம் பெற்றுப் போனார். சோபாவுக்குப் புது உறை தைப்பித்தார். பம்பலப்பிட்டி பேக்கரியில் கேக் சொன்னார். மகள் கனகேஸ்வரி, பனி விழுவதைப் பற்றிய ஓர் இங்கிலீசுப் பாட்டை மனப்பாடம் செய்தாள். அந்தப் பிள்ளை ஐஸ் கட்டியைக்கூட மீன் பெட்டிக்குள் மட்டும்தான் கண்டிருந்தது.

சனிக்கிழமை, சொன்ன நேரத்துக்கு இரண்டு வண்டிகளில் பதினொரு பேர் வந்து இறங்கினார்கள். பாலசுந்தரம் கோட்டும் கழுத்துப்பட்டியுமாக வாசலில் நின்று, ஆளாளுக்குக் கைகொடுத்து உள்ளே கூட்டிப் போனார். கேக் கொடுத்தார். மகள் பனியைப் பாடினாள். அவர்கள் மரியாதையாகக் கேட்டார்கள். மரியாதையாகக் கேக்கில் பாதியை வைத்தார்கள். பிறகு, வெயில்தொப்பியை மடியில் வைத்திருந்த ஒரு கிழவர் சோபாவையும் ராசாவின் படத்தையும் முள்ளுக்கரண்டிகளையும் ஒருதரம் சுற்றிப் பார்த்துவிட்டு, பதியுதீன் பக்கம் சாய்ந்து கேட்டார்:

"நல்லது. சுதேசியின் வீட்டுக்கு எப்போது போகிறோம்?"

பதியுதீன் இருமினார். பாலசுந்தரம் அதைக் கேட்காதவர் போல் இன்னொரு துண்டு கேக் வெட்டினார்.

அதற்குள் ஒரு சீமாட்டி கைகழுவ இடம் தேடிப் பின்பக்கம் போய்விட்டாள். குசினிக்குள் நேசமலர் பழைய சேலையோடு துருவலையில் குந்தியிருந்து இராச்சாப்பாட்டுக்குத் தேங்காய் துருவிக்கொண்டிருந்தாள். சீமாட்டி ஒரு சத்தம் போட்டாள். முன்னால் இருந்த பத்துப் பேரும் கேக்கை வைத்துவிட்டு எழும்பி ஓடினார்கள். பாம்பு கடித்துவிட்டது என்று பாலசுந்தரமும் ஓடினார். அங்கே போனால், குசினி வாசலை அடைத்துக்கொண்டு எல்லாரும் படம் பிடித்தபடி நிற்கிறார்கள். நேசமலர் பாதித் தேங்காயைக் கையில் வைத்துக்கொண்டு, இதென்ன கூத்து என்று புருஷனைப் பார்த்தாள்.

புதன்கிழமை கம்பெனியிலிருந்து கடிதம் வந்தது. விருந்தினர் குசினியைப் பெரிதும் இரசித்தார்கள். முன்பகுதி அவ்வளவாகத் திருப்தி தரவில்லை. இனிமேல் நாற்காலிகளையும் மேசையையும் அப்புறப்படுத்த வேண்டும். வீட்டுக்காரர் தன் இனத்துக்குரிய உடையில் இருப்பது நல்லது. முடியாவிட்டால் வேறு வீடு பார்க்கப்படும்.

பாலசுந்தரம் அந்தக் கடிதத்தை மூன்று தரம் வாசித்தார். "என் இனத்துக்குரிய உடை எண்டால் என்ன?" என்று பதியுதீனைக் கேட்டார்.

"சட்டையக் கழட்டச் சொல்றாங்க, ஐயா."

மறுத்துவிடலாம் என்றுதான் முதலில் நினைத்தார். ஆனால் வெள்ளைக்காரர் வீட்டுக்கு வந்து போவதை அவர் அதற்குள் ரயிலில் கூட வருகிற அத்தனை பேருக்கும் சொல்லி முடித்திருந்தார். ஆகவே சோபாவும் நாற்காலிகளும் படுக்கையறைக்குள் போயின. மனிசரும் நாற்காலிகளும் ஒரே அறையில் படுக்க வேண்டியதாயிற்று. ராசா கீழே இறங்கினார். முருகன் பழைய இடத்துக்கு வந்தார். பதியுதீன் புறக்கோட்டையிலிருந்து ஒரு குத்துவிளக்கும், கறையான் அரித்த ஏட்டுக்கட்டு ஒன்றும் கொண்டுவந்தார். ஒவ்வொரு நாளும் ரயிலேறுமுன் நெற்றித் திருநீற்றைக் கைலேஞ்சியால் துடைத்துவிடுகிற பாலசுந்தரம், இப்போது சனிக்கிழமைகளில் நெற்றி, மார்பு, தோள், முழங்கை எங்கும் மூன்று குறியாகப் பூசிக்கொண்டு, அரையில் வேட்டி மட்டுமாகப் பாயில் அமர்ந்தார். ஏட்டை வாசிக்க அவருக்குத் தெரியாது. அதனால் சின்ன வயதில் படித்த வாய்ப்பாட்டை இராகத்தோடு சொன்னார்.

"இது மூவாயிரம் வருஷத்து மந்திரம்," என்று பதியுதீன் விளக்கினார். சீமாட்டிகள் கண்ணை மூடிக்கொண்டு எட்டாம் வாய்ப்பாட்டைக் கேட்டார்கள்.

நேசமலர் மா இடிக்க வேண்டும் என்பது ஏற்பாடு. அவள் மாவை மில்லில் கொடுத்து அரைப்பிக்கிறவள். உரல் இரவல் வாங்கியது. "இடிக்கிறன். ஆனால் என்ரை குசினிக்குள்ளை சப்பாத்தோடை ஒருத்தரும் வரக்கூடாது," என்றாள். பாலசுந்தரம் பயந்துபோனார். பதியுதீன் அதையும் ஒரு புராதன வழக்கமாக்கிவிட்டார். வெள்ளைக்காரர் வாசலில் குந்தி, வலு சந்தோஷமாகச் சப்பாத்துக் கயிறு அவிழ்த்தார்கள். இத்தனை நாளில் இந்த வீட்டில் தன் சொல் ஒன்று எடுபட்டது இதுதான் முதல் தடவை என்று நேசமலர் கனகேஸ்வரியிடம் சொன்னாள்.

ஆறு கிழமை இப்படிப் போயிற்று. கம்பெனி பாராட்டி எழுதியது. பாலசுந்தரத்துக்கும் அது பழகி, வாய்ப்பாட்டுக்கு இடையில் கண்ணைச் செருகவும் கற்றுக்கொண்டார்.

ஏழாவது சனி, அவர் கண்ணைச் செருகியிருந்த நேரத்தில், வாசலில் ஒரு குரல் கேட்டது. அந்தக் குரலை அவர் நித்திரையிலும் மறக்க மாட்டார். தேயிலைக் கந்தோரில் அவருக்கு மேலதிகாரியான ஹார்கிரீவ்ஸ் துரையின் குரல். சீமையிலிருந்து வந்த தங்கை டோரினுக்கு ஊர் காட்டக் கூட்டிவந்திருக்கிறார்.

பாலசுந்தரத்தின் கை தானாக நெஞ்சுக்குப் போய்ப் பொத்தானைத் தேடிற்று. நெஞ்சில் திருநீறுதான் இருந்தது. எழும்பி ஓடலாமென்றால் பின்வாசல் வழியில் ஏழெட்டுப் பேர் நேசமலரைப் படம் பிடித்துக்கொண்டிருந்தார்கள். கந்தோர்ச் சட்டம் அவருக்கு மனப்பாடம்: அனுமதியில்லாமல் வெளிவேலை பார்க்கிறவர் நீக்கப்படுவார். பதினாலு வருஷமும் இந்தப் பாயோடு போய்விட்டது என்று நினைத்தார்.

துரை உள்ளே வந்தார். சப்பாத்தில்லாமல், வெறும் காலுறையோடு வந்து, பாலசுந்தரத்துக்கு முன்னால் குனிந்து நின்று, அவருடைய முகத்தை நேருக்கு நேராகப் பார்த்தார். கந்தோரில் நாளுக்கு இருதரம் கையெழுத்துக்குக் கடிதம் கொண்டுபோய் வைக்கும்போது துரை கடிதத்தைத்தான் பார்ப்பார். முகத்தைப் பார்த்தது இன்றைக்குத்தான்.

பாலசுந்தரத்தின் வாயில் "எக்ஸ்கியூஸ் மீ, சேர்" என்பது முட்டிக்கொண்டு நின்றது.

துரை நிமிர்ந்து பதியுதீனைக் கேட்டார்: "இவருக்கு இங்கிலீசு விளங்குமா?"

துரைதான் பாலசுந்தரத்தின் மேலதிகாரி என்று பதியுதீனுக்குத் தெரியாது. "இல்லை, சேர். சமஸ்கிருதம் மட்டும்," என்றார்.

துரை திரும்பவும் குனிந்தார். செவிடனுக்குச் சொல்கிற மாதிரி, சொல்லுக்குச் சொல் நிறுத்தி, உரத்துச் சொன்னார்: "வெரி… குட்… ஹவுஸ்."

பாலசுந்தரம் தலையை ஆட்டினார். அவரால் செய்ய முடிந்தது அதுதான். டோரின், தமையனைப் பாயில் அவருக்குப் பக்கத்தில் இருக்கச் சொல்லிப் படம் பிடித்தாள். கந்தோரில் வருஷாவருஷம் எடுக்கும் படத்தில் பாலசுந்தரம் பின் வரிசையில், வாங்குப் பலகையில் ஏறி நிற்பவர். இன்றைக்குத் துரையின் தோள் அவருடைய வெறுந்தோளில் முட்டியது.

வண்டிகள் போன பிறகும் அவர் பாயை விட்டு எழும்பவில்லை. நேசமலர் வந்து, "என்ன, முகம் வெளிறிக் கிடக்குது?" என்றாள். வெக்கைதான் என்றார்.

திங்கட்கிழமை கந்தோரில் கடிதக்கட்டை எடுத்துக்கொண்டு துரையின் அறைக்குள் போகுமுன் நெற்றியை இன்னொருதரம் அழுத்தித் துடைத்தார். துரை வழக்கம்போல் கடிதத்தைப் பார்த்துக் கையெழுத்துப் போட்டார். நாலாவது கடிதத்தில் பேனையை நிறுத்தினார்.

"பாலசிங்கம், நீ எங்கே இருக்கிறாய்? கொட்டாஞ்சேனையா?"

"வெள்ளவத்தை, சேர்."

"அப்படியானால் உனக்குக் கிட்டத்தான். அங்கே ஒரு வீட்டில் ஒரு மனிதர் இருக்கிறார். உங்கள் ஆள்தான். இங்கிலீசு ஒரு சொல் தெரியாது. ஆனால் என்ன கம்பீரம்! உன்னைப் போலக் கந்தோருக்கு வந்து கோட்டுப் போடுகிறவர்களிடம் அது இல்லாமல் போய்விட்டது. ஒருநாள் போய்ப் பார். உன் இனத்தைப் பற்றிக் கொஞ்சம் தெரிந்துகொள்ளலாம்."

"யெஸ், சேர்," என்றார் பாலசுந்தரம்.

பின்னேரம் வீட்டுக்கு வந்து, கோட்டையும் கழற்றாமல், நேசமலரிடம் எல்லாவற்றையும் சொன்னார். அவள் 'பாலசிங்கம்' என்ற இடம் வரைக்கும் வாயைப் பொத்திக்கொண்டு கேட்டாள். அதற்கு மேல் தாங்காமல், அடுப்படியில் குந்தி, கண்ணீர் வரச் சிரித்தாள். சிரித்து முடிந்ததும் சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டு கேட்டாள்:

"நீங்கள் என்ன சொன்னனீங்கள்?"

"யெஸ் சேர் எண்டனான்."

அவள் அதற்குப் பிறகு சிரிக்கவில்லை.

அந்தக் கிழமை முழுக்கப் பாலசுந்தரம் ஒரு பேச்சு எழுதினார். இலக்கணம் பார்த்து, அடித்து, திருத்தி, நல்ல இங்கிலீசில் எழுதினார். சனிக்கிழமை சோபாவையும் நாற்காலிகளையும் முன்னுக்கு இழுத்துப் போட்டு, கோட்டும் கழுத்துப்பட்டியுமாக வாசல் படலையில் போய் நின்றார். வண்டிகள் வந்து திரும்பி நின்றதும், இறங்கியவர்களுக்கு முன்னால் பேசினார். தன் பெயர் பாலசுந்தரம் என்றார். தான் கிளாக்கர் என்றார். பதினாலு வருஷச் சேவை என்றும், தன் வீட்டில் மந்திரம் எதுவும் இல்லை, வாய்ப்பாடுதான் என்றும் சொன்னார். ஒரு பிழை விடவில்லை.

வெள்ளைக்காரர் கைதட்டினார்கள். "எவ்வளவு அழகாகப் பாடமாக்கியிருக்கிறார், பார்," என்றாள் ஒருத்தி.

பதியுதீன் அவரை ஒருபக்கமாகக் கூட்டிப்போய்க் குரலைத் தாழ்த்தினார். "ஐயா, குறை நினைக்க வேணாம். பக்கத்து வீட்டு யோகநாதன் ஐயா ஒரு மாசமா எனக்குப் பின்னால வாரார். நீங்க இருக்கக்குள்ள சரியில்லண்டு நான்தான் பேசாம இருந்தேன்."

சொல்லிவிட்டு ஆட்களை வரிசையாக அடுத்த படலைக்குக் கூட்டிப் போனார். தபால் கந்தோரில் வேலை பார்க்கும் யோகநாதன், வரவேற்க வாசலுக்கே வந்து நின்றார். மேலில் துணியில்லை. திருநீற்றோடு சந்தனமும் பூசி, காதில் பூவும் செருகியிருந்தார். பின்னால் ஆளுயரத்துக்கு இரண்டு குத்துவிளக்குகள் எரிந்தன.

பாலசுந்தரம் வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்தார். நிம்மதி வரும் என்றுதான் நினைத்திருந்தார். வந்தது நிம்மதியில்லை. யோகநாதனின் தொந்தி வயிற்றைப் பார்க்கப் பார்க்க அவருக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"அந்தாளுக்கு இருக்கவே தெரியேல்லை," என்றார். "முதுகு வளைஞ்சு கிடக்குது. இதைப் பாத்தால் எங்களைப் பற்றி அவை என்ன நினைப்பினம்?"

நேசமலர் சோபாவில் காலை நீட்டிச் சாய்ந்திருந்தாள். வாங்கி நாலு வருஷமான அந்தச் சோபாவில் அவள் அதுவரை இருந்ததில்லை.

"கோட்டைக் கழட்டிப்போட்டு வாங்கோ," என்றாள். "வேர்த்து ஒழுகுது."