பேசுகிறவர் மட்டும் தெரியும் திரை

கம்ப்யூட்டரில் இயங்குதளத்தை மாற்றியதில் சின்னவளுக்குக் கிடைத்த முதல் பலன் குமட்டல்தான்.

பழைய இயங்குதளம் கழுதை தேய்ந்து கட்டெறும்பான கதையாக இருந்தது. காலையில் திறந்தால் புதுப்பிக்கிறேன் என்று அரை மணி நேரம் சுற்றும். சுற்றி முடித்ததும் ஓரத்தில் செருப்பு விளம்பரம் வரும். அவள் வேலை பார்க்கும் தண்ணீர்ப் பரிசோதனைக் கூடத்தில் எல்லாரும் 'டாக்டர்' என்று கூப்பிடும் கணினிக்காரர், "இதுக்கு மருந்து கிடையாதும்மா, புது உயிர்தான்" என்று லினக்ஸ் போட்டுக் கொடுத்தார். மெஷின் சிட்டாய்ப் பறந்தது. ஆனால் குடும்பம் ஞாயிறுதோறும் பேசும் வீடியோ செயலி அதில் ஏறவில்லை. இணைய உலாவிக்குள் திறந்துகொள்ளலாம் என்றார். திறந்தாள்.

அதுவரை அவள் திரையில் மூன்று கட்டங்கள் இருக்கும். ஒன்றில் அவள், ஒன்றில் வேறு ஊரில் இருக்கும் அக்கா, ஒன்றில் டிவி வழியாகப் பேசும் அண்ணனும் அவனோடு இருக்கும் அம்மாவும். உலாவியில் கட்டங்கள் இல்லை. யார் பக்கம் சத்தம் கேட்கிறதோ அந்தப் பக்கம் மட்டும் திரை முழுக்க வந்தது. அண்ணன் இருமினால் அண்ணன். அவன் வீட்டில் மிக்ஸி ஓடினாலும் அண்ணன்.

அக்கா வரவேயில்லை.

அக்காவுக்குப் பிறந்ததிலிருந்தே காது கேட்காது. பேச்சு முழுவதும் கையில்தான். பல் செட் செய்யும் கூடத்தில் மெழுகில் பல் செதுக்குகிறாள். அவள் கையால் பேசப் பேச, சின்னவள் அதை வாயால் சொல்வாள். இரண்டு வருடமாக அப்படித்தான்.

"அண்ணா, உன் டிவியிலயும் இப்படித்தான் தெரியுமா?"

"எப்படி?"

"பேசுறவங்க மட்டும்."

"ஆமா. பின்ன, பேசாதவங்களை எதுக்குப் பாக்கணும்?"

கிண்டலாகக்கூட அவன் அதைச் சொல்லவில்லை. அவள் வாயைப் பொத்திக்கொண்டாள். அக்கா சொன்ன ஒவ்வொன்றுக்கும் அவர்கள் இத்தனை நாளும் பார்த்தது தன் மூஞ்சியை. உதவி என்று நினைத்து அக்காவை மறைத்துக்கொண்டு நின்றிருக்கிறாள்.

போன வாரத்து விஷயம் அப்போதுதான் விளங்கியது. அண்ணி திரும்பவும் வேலைக்குப் போகிறாள். இரட்டைக் குழந்தைகளைப் பார்க்க ஆள் வேண்டும். அக்கா வேலையை விட்டுவிட்டு வந்துவிடட்டும் என்றான் அண்ணன். அக்கா முடியாது என்றாள். சின்னவள் அதை வாயால் சொன்னாள். "அது உன் பேச்சு. அவ வாயே திறக்கல," என்று முடித்துவிட்டான். அக்காவின் அறையைக் காலி செய்வதாக வீட்டுக்காரரிடமும் அவனே பேசிவிட்டான். அடுத்த ஞாயிறு அவருக்கு உறுதி சொல்ல வேண்டுமாம்.

வேறு செயலி தேட ஆறு நாள் இருந்தது. மதிய இடைவேளையில் அக்காவும் அவளும் ஒவ்வொன்றாகப் பார்த்தார்கள்.

முதல் செயலி, உள்ளே வருவதற்கு முன்பே அவளுக்குத் தெரிந்தவர்களின் எண்களை எல்லாம் கேட்டது. வந்த விருந்தாளி வாசலிலேயே பீரோ சாவி கேட்ட மாதிரி இருந்தது. அழித்துவிட்டுக் கை கழுவினாள். நிஜமாகவே கழுவினாள்.

இரண்டாவது, பின்னால் இருப்பதை மங்கலாக்குகிறேன் என்று, வேகமாக அசையும் கையையும் சுவரோடு சேர்த்து அழித்தது. அக்கா பேச ஆரம்பித்ததும் விரல்கள் காணாமல் போயின. அணைக்க ஒரு பொத்தான் இல்லை.

மூன்றாவது, கேட்காமலே அக்காவின் கன்னத்துக்கு வெள்ளையடித்தது. 'இதைச் செஞ்சவன் வீட்டுல கண்ணாடி இல்லையா?' என்று கையால் கேட்டாள் அக்கா.

நான்காவது எதுவும் கேட்கவில்லை. ஓர் இணைப்பை அனுப்பினால் போதும். அழைத்தவர் விரும்பினால் ஒருவரை எல்லார் திரையிலும் பெரிதாக நிறுத்தி வைக்கலாம். ஆனால் படம் திக்கியது. கை மேலே இருக்கும், அடுத்த நொடி கீழே இருக்கும், நடுவில் நடந்தது வராது. கையால் பேசுகிறவளுக்கு நடுவில்தான் பாதிப் பேச்சு. சின்னவள் யோசித்தாள். வேண்டியது தெளிவு இல்லை, வேகம். படத்தின் அளவைப் பாதியாகக் குறைத்தாள். அக்காவின் முகம் கஞ்சியாகக் குழைந்தது. கை மட்டும் தடையில்லாமல் ஓடியது.

ஞாயிறு வந்தது.

"ஊரே ஒரு வழியில போனா நீ மட்டும் சந்துக்குள்ள கூட்டிட்டுப் போ," என்று முனகிக்கொண்டே அண்ணன் உள்ளே வந்தான்.

அவள் அக்காவை எல்லார் திரையிலும் நிறுத்தினாள். பிறகு தன் மைக்கை அணைத்தாள்.

அக்கா பேசினாள். அவசரப்படாமல், பல்லுக்கு விளிம்பு தேய்ப்பது போல.

"என்ன சொல்றா?" என்றது அண்ணனின் குரல். சின்னவள் கைகளைத் தொடைக்கடியில் வைத்துக்கொண்டாள். "ஏய், உன்னைத்தான். என்ன சொல்றா?"

அந்தக் கைப்பேச்சில் பாதி, அக்காவின் சின்ன வயதில் அம்மாவே உண்டாக்கியது. அம்மாவுக்குக் கண் மங்கல்தான். டிவி பெரியது.

"வரமாட்டாளாம்," என்றாள் அம்மா.

"அவளுக்கு விஷயம் புரிஞ்சிருக்காதும்மா."

"புரிஞ்சுதான் சொல்றா. வீட்டுக்காரர்கிட்ட நீ பேசினதை நீயே மாத்திச் சொல்லணுமாம். வேலைக்கு ஆள் வேணும்னா சம்பளம் போட்டு வெச்சுக்கணுமாம். தங்கச்சின்னா இலவசம்னு எவன் சொன்னான்னு கேக்குறா."

"படமே தெளிவா இல்ல," என்றான் அண்ணன். "மூஞ்சி தெரியல. அது அவதான்னு எப்படி நம்புறது?"

கூடப்பிறந்தவளின் கையை அடையாளம் தெரியாத ஒருவனோடு ஒரே வீட்டில் வளர்ந்திருக்கிறோம் என்று நினைத்தபோது சின்னவளுக்கு வாயில் எச்சில் ஊறியது. வாந்திக்கு முன்னால் ஊறும் எச்சில்.

"சரி, அவ கிடக்கட்டும்," என்றான். "நீ வாயேன். தண்ணி டெஸ்ட்தானே, எங்க போனாலும் தண்ணி தண்ணிதான்."

சாக்கடை கலந்த கிணற்று நீரின் பாட்டிலைத் திறந்தது போல இருந்தது. அவள் மைக்கைப் போட்டாள்.

"நானும் வரலண்ணா."

"சத்தமே வரல."

"வரல. நான் வரமாட்டேன்."

"ஒண்ணும் கேக்கல. உன் புது மெஷின் லட்சணம்..."

"எனக்குக் கேட்டுச்சு," என்றது அம்மாவின் குரல். "ரெண்டு தடவை."

இணைப்பை அண்ணன்தான் துண்டித்தான். அக்கா மட்டும் திரையில் இருந்தாள்.

'என்ன சொன்னான்?' என்று கேட்டாள்.

சின்னவள் ஒரு சொல் குறைக்காமல் கையால் சொன்னாள், தண்ணீரையும் சேர்த்து. அக்கா முகத்தைத் திருப்பி, ஓரமாகத் துப்புவது போலச் செய்தாள். அந்தக் கலங்கிய படத்திலும் அது தெளிவாகத் தெரிந்தது.